நைட்ரிக் ஆக்சைடும் சிவப்பணுவும்: நம்ம டவுன்ல அடிக்கடி கேக்கற கேள்விங்க

மலேசியாவுல நம்ம சுங்கை சிப்புட் டவுன் பக்கம் இப்ப ஒரு சிவப்பு பவுடர் சுத்திக்கிட்டு இருக்கு, "நைட்ரிக் ஆக்சைடு ஏத்தும், ரத்தத்த சுத்தம் பண்ணும்"னு சொல்லி ஒரு டின்ன நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல விக்கறாங்க. நான் ரொம்ப வருஷம் லேப்ல ரத்தம் பாத்த ஆளுங்கறதால கோயில் வாட்சப் குரூப்புல, ஒட்டுக்கடையில, எங்க போனாலும் இதப்பத்தியே கேக்கறாங்க. ஒவ்வொருத்தருக்கா வாய்ஸ் நோட் அனுப்பி முடியல, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். நான் டாக்டர் இல்ல, மருந்து விஷயத்த உங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும்.

நைட்ரிக் ஆக்சைடுன்னா லாரி புகையில வர்ற விஷம்தானே? அது எப்படிண்ணே உடம்புக்குள்ள?

அதேதான் தம்பி. ஒரு நைட்ரஜன், ஒரு ஆக்சிஜன், அவ்வளவுதான் சாமான். எஞ்சின் சூட்டுல உருவாகி வெளிய காத்துல கலந்து இன்னும் மோசமான நைட்ரஜன் டை ஆக்சைடா மாறும், நெஞ்ச அடைக்கும். ஆனா அதே வாயுவ நம்ம ரத்தக்குழாயோட உள்பூச்சு செல்லுங்க துளித்துளியா செஞ்சிக்கிட்டே இருக்கு, அர்ஜினின்னு ஒரு அமினோ அமிலத்துல இருந்து. செஞ்ச உடனே அது பக்கத்துல இருக்கற குழாய் தசைக்குள்ள புகுந்து "தளர்ந்துக்கோ"ன்னு சொல்லும், குழாய் விரியும், பிரஷர் இறங்கும். உடம்புல அதோட ஆயுசு சில செகண்டுதான், ரத்தத்துக்குள்ள விழுந்தா அதுவும் கிடையாது. பல்லு டாக்டர் குடுக்கற சிரிப்பு வாயு வேற, அது நைட்ரஸ் ஆக்சைடு, ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

யாரு கண்டுபிடிச்சா இத?

1980ல அமெரிக்காவுல ராபர்ட் ஃபர்ச்காட்னு ஒருத்தர் முயலோட பெரிய ரத்தக்குழாய வெட்டி எடுத்து மருந்து விட்டு பாத்துக்கிட்டு இருந்தாரு. அசிட்டைல்கோலின் விட்டா குழாய் தளரணும், ஆனா அவரு வெட்டின பட்டை எல்லாம் சுருங்குது. கடைசியில பாத்தா வெட்டும்போது உள்பூச்சு உரசி உரசி போயிடுது, பூச்சு பத்திரமா இருந்தா தளருது, இல்லன்னா தளரல. அப்ப அந்த பூச்சுல இருந்து ஏதோ ஒண்ணு வருதுன்னு புரிஞ்சிச்சு, அது வாயுன்னு ஒத்துக்க இன்னும் ஆறேழு வருஷம் ஆச்சு. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரித் முராத் மூணு பேருக்கும் 1998ல நோபல் குடுத்தாங்க. இதுல ஒரு வேடிக்கை, நோபல் பரிசுக்கு காசு வந்ததே டைனமைட்டுல, டைனமைட்டுக்கு மூலப்பொருள் நைட்ரோகிளிசரின், நெஞ்சுவலிக்கு டாக்டருங்க அந்த நோபலுக்கே எழுதிக்குடுத்த மருந்தும் அதே நைட்ரோகிளிசரின்தான், மனுஷன் வேணாம்னுட்டாரு.

சரி, சிவப்பணுவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சிவப்பணு ஆக்சிஜன்தானே தூக்கும்?

ஸ்கூல்ல அப்படித்தான் படிச்சோம். சிவப்பணு ஒண்ணு ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலம், நடுவுல ரெண்டு பக்கமும் குழி, உட்கரு கிடையாது, ஆயுசு சுமார் 120 நாள். உள்ள ஏறக்குறைய 270 மில்லியன் ஹீமோகுளோபின் அடைச்சி வச்சிருக்கும். அந்த ஹீமோகுளோபின்ல இருக்கற இரும்புதான் ஆக்சிஜன புடிக்குது.

இப்ப கவனிங்க, அதே இரும்பு நைட்ரிக் ஆக்சைட கண்டா விடாது, ஆக்சிஜன விட பல மடங்கு வெறியோட புடிக்கும். ஆக்சிஜன் ஏறின ஹீமோகுளோபின் கிட்ட மாட்டினா நைட்ரிக் ஆக்சைடு நைட்ரேட்டா மாறி கதை முடிஞ்சிடும், ஹீமோகுளோபினும் கெட்டுப்போய் ஆக்சிஜன் தூக்க முடியாத மெட்ஹீமோகுளோபினா நிக்கும். ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின்னா இரும்புலயே ஒட்டிக்கும். ரெண்டு வழியிலயும் நைட்ரிக் ஆக்சைடுக்கு வேலை செய்ய விடுதலை இல்ல.

அப்ப சிவப்பணு நைட்ரிக் ஆக்சைடுக்கு எதிரியா? பின்ன ரத்தக்குழாய் எப்படி விரியுது?

நல்ல கேள்வி, டியூஷன் புள்ள ஒண்ணு கேட்டுச்சு. இதுக்கு பதில்தான் என்னைக் கேட்டா இந்த மொத்த விஷயத்துலயும் முக்கியமானது.

ஹீமோகுளோபின் சிவப்பணுங்கற பைக்குள்ள இருக்கு. அந்தப் பைதான் காப்பாத்துது. ரத்தம் ஓடும்போது சிவப்பணு எல்லாம் நடுவுல கூடி ஓடும், குழாய் சுவர ஒட்டி அணு இல்லாம ஒரு மெல்லிசு பிளாஸ்மா (ரத்தத்தோட தண்ணிப் பகுதி) படலம் மட்டும் இருக்கும், உள்பூச்சு விடற நைட்ரிக் ஆக்சைடு சிவப்பணுவ போய் சேர்றதுக்கு அந்தப் படலத்த தாண்டணும், அப்புறம் அணுவ சுத்தி தண்ணி, அப்புறம் சவ்வு. அதுக்குள்ள பாதி நைட்ரிக் ஆக்சைடு இந்தப் பக்கம் தசைக்குப் போயி வேலைய முடிச்சிடும். அதே ஹீமோகுளோபின் பை உடைஞ்சி பிளாஸ்மாவுல சும்மா மிதந்துச்சின்னா நூத்துக்கணக்கான மடங்கு வேகமா நைட்ரிக் ஆக்சைட தின்னும், சில கணக்குல ஆயிரம் மடங்குகூட சொல்றாங்க. குழாய் இறுகும், நுரையீரல் குழாய்ல பிரஷர் ஏறும், ரத்தத்த உறைய வைக்கற தட்டணு ஒட்ட ஆரம்பிக்கும். சிக்கிள் செல், தலசீமியா, அதாவது சிவப்பணு சீக்கிரம் உடையற பரம்பரை நோய், இந்த நோயாளிங்களுக்கு நுரையீரல் பிரஷர் ஏர்றதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

செயற்கை ரத்தம் செய்யறேன்னு பல கம்பெனி கிளம்பி விழுந்ததும் இந்தக் குழியிலதான். சிவப்பணு வேணாம், ஹீமோகுளோபின் மட்டும் எடுத்து பதப்படுத்தி ஏத்தலாம், ரத்த குரூப் பாக்க வேணாம், ஃபிரிட்ஜ் வேணாம்னு கனவு கண்டாங்க. 2008ல 16 ஆய்வ, மொத்தம் 3,700க்கு மேல பேஷண்டுங்கள சேத்து பாத்தப்ப ஹார்ட் அட்டாக் ரெண்டரை மடங்குக்கு மேல, இறப்பும் அதிகம். எல்லாத்துக்கும் இது ஒண்ணே காரணம்னு சொல்ல முடியாது, ஆனா சவ்வு இல்லாத ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைட விழுங்கறதுதான் முதல் சந்தேகம்.

சிவப்பணு "சாஃப்ட்"டா இருக்கணும்னு சொல்றாங்களே, அதுக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கும் தொடர்பு இருக்கா?

இருக்கு, நிறையவே. நம்ம உடம்புல சின்னக் குழாய் சிலது அஞ்சு மைக்ரோமீட்டர்கூட இருக்காது, சிவப்பணுவோ ஏழெட்டு. மண்ணீரல்ல இருக்கற சந்து ஒரு மைக்ரோமீட்டர் ரெண்டு மைக்ரோமீட்டர்தான். மடிஞ்சி, நீண்டு, நெளிஞ்சிதான் போகணும். ரொட்டி சானாய் கடையில பாருங்க, எண்ணெயில நல்லா ஊறின உருண்டைய மாஸ்டர் வீசி வீசி எவ்வளவு இழுத்தாலும் கிழியாது, காத்துல காஞ்ச உருண்டைய அதே கையால இழுத்தா டப்புன்னு கிழியும். சிவப்பணுவும் அப்படித்தான், நெளிய முடியாத அணுவ மண்ணீரல் புடிச்சி வச்சி அழிச்சிடும்.

லேப்ல சிவப்பணுவ எடுத்து நைட்ரிக் ஆக்சைடு செய்யற நொதிய மருந்து வச்சி அடைச்சா அணு விறைக்குது, கொஞ்சமா நைட்ரிக் ஆக்சைடு விடற மருந்து சேத்தா மறுபடி நெளிவு வருது. ஏன்னு பாத்தா, சவ்வுக்கு அடியில ஸ்பெக்ட்ரின்னு ஒரு புரத வலை இருக்கு, அணுவுக்கு உருவம் குடுக்கறதே அதுதான், நைட்ரிக் ஆக்சைடு அந்தப் புரதத்துல ஒட்டும்போது வலை இளகுதுன்னு ஆய்வுல காட்டியிருக்காங்க. ஆனா "கொஞ்சமா"ங்கறத மறந்துடாதீங்க, அளவுக்கு மேல விட்டா ஹீமோகுளோபின் கெட்டு அணு பழையபடி விறைக்கும். அதிகம் இருந்தா அதிகம் நல்லதுன்னு பவுடர் விக்கறவங்க சொல்றது இங்கயே அடிபடுது.

சிவப்பணுவே நைட்ரிக் ஆக்சைடு செய்யுமாமே?

செய்யும். உட்கரு இல்லாத அணு, அது என்னத்த செய்யப்போகுதுன்னு ரொம்ப நாள் யாரும் கண்டுக்கல. 2006ல ஜெர்மன் ஆராய்ச்சியாளருங்க சிவப்பணுவுக்குள்ளயும் உள்பூச்சுல இருக்கற அதே வகை நொதி இருக்கு, வேலையும் செய்யுதுன்னு காட்டினாங்க. ரத்தம் வேகமா ஓடி அணு உரசப்படும்போது அந்த நொதி முழிச்சிக்கும். ஓடறவங்க, சைக்கிள் மிதிக்கறவங்களுக்கு எக்சர்சைஸ் முடிஞ்ச கையோட ரத்தம் எடுத்து பாத்தா அந்த நொதி சுறுசுறுப்பா இருக்கு, நெளிவும் கூடியிருக்கு.

இதுக்கு மேல விஞ்ஞானிங்களுக்குள்ளயே சண்டை. 1996ல இருந்து ஜோனத்தன் ஸ்டாம்லர் கூட்டம் சொல்றது, ஹீமோகுளோபின்ல பீட்டா 93ங்கற இடத்துல உள்ள சிஸ்டைன்ங்கற அமினோ அமிலத்துல நைட்ரிக் ஆக்சைடு ஏறிக்கிட்டு போயி ஆக்சிஜன் கம்மியான இடத்துல இறங்குது, குழாய் விரியுதுன்னு. 2003ல மார்க் கிளாட்வின் கூட்டம் வேற சொல்லிச்சு, ரத்தத்துல கிடக்கற நைட்ரைட்ட ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடா மாத்துதுன்னு. நடுவுல அந்த பீட்டா 93 சிஸ்டைனையே மாத்தின எலிய வளத்து பாத்தாங்க, எலிக்கு ரத்தக்குழாய் நல்லாத்தான் விரியுது. ஸ்டாம்லர் கூட்டம் விட்டுக்குடுக்கல. என் மனசு நைட்ரைட் பக்கம்தான் சாயுது. ஆனா ரெண்டு கூட்டமும் ஒத்துக்கற விஷயம் ஒண்ணு, ஆக்சிஜன் தேவைப்படற இடத்துல குழாய விரிக்கறதுல சிவப்பணுவுக்கு ஒரு கை இருக்கு.

கிணத்துத் தண்ணி குடிச்சா குழந்தை நீலமாகும்னு எங்க பாட்டி காலத்து மிஸி (நர்ஸ்) சொல்வாங்களாம், அது இதுதானா?

அதேதான்க்கா, உங்க பாட்டிக்கு சொன்ன மிஸிக்கு ஒரு கும்பிடு. செம்பனைக்கும் ரப்பருக்கும் போடற நைட்ரஜன் உரம் மழையில கரைஞ்சி கிணத்துல நைட்ரேட்டா இறங்கும். ஆறு மாசத்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு அந்தத் தண்ணியில பால் கலக்கிக் குடுத்தா வயித்துல நைட்ரைட்டாகி, சிவப்பணுவுல இருக்கற ஹீமோகுளோபின மெட்ஹீமோகுளோபினா மாத்திடும், அதால ஆக்சிஜன் தூக்க முடியாது. பெரியவங்க உடம்புல அத திருப்பி சரி பண்ற நொதி இருக்கு, நமக்கு மெட்ஹீமோகுளோபின் எப்பவும் ஒரு சதவீதம் பக்கம்தான் நிக்கும், கைக்குழந்தைக்கு அந்த நொதி இன்னும் முழுசா வந்திருக்காது. 1945ல அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல ஹன்டர் காம்லிங்கற டாக்டர்தான் இத முதல்ல எழுதினாரு. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் வச்ச வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்.

முக்கியமா கேட்டுக்குங்க, கொதிக்க வச்சா நைட்ரேட் போகாது, தண்ணி வத்தினதால இன்னும் கூடத்தான் செய்யும்.

இந்த ரத்தத்த ஊசியில எடுத்தா சாக்லேட் கலர்ல வரும், காத்துல ஆட்டினாலும் சிவக்காது. ஆக்சிஜன் அளவு பாக்க விரல்ல மாட்டற கிளிப்பு மெஷின் 85 சதவீதம் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருக்கும், ஆக்சிஜன் எவ்வளவு குடுத்தாலும் ஏறாது. மருந்து மெத்திலீன் புளூ, ஆனா சிவப்பணுவ காக்கற ஜி6பிடிங்கற நொதி குறைவா இருக்கறவங்களுக்கு அதக் குடுத்தா சிவப்பணு உடையும். நம்ம நாட்டுல பொறந்த குழந்தைக்கு தொப்புள் கொடி ரத்தத்துல ஜி6பிடி பாக்கறாங்கல்ல, அந்த ரிசல்ட்ட குழந்தையோட சின்ன கிளினிக் புக்குல பத்திரமா வைங்க.

மலேரியா வந்தா ரத்தம் கெட்டியாகும்னு சொல்றது?

ரத்தம் கெட்டியாகறதில்ல, சிவப்பணு விறைக்குது. கிருமி உள்ள பூந்து ஹீமோகுளோபின தின்னு அணுவ உடைச்சி வெளிய வரும், உடைஞ்சதும் மேல சொன்ன கதைதான், வெளிய கொட்டின ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைட காலி பண்ணும், சின்னக் குழாய் இறுகும், விறைச்ச அணு அதுக்குள்ள மாட்டும். கடுமையான மலேரியாவுல நைட்ரிக் ஆக்சைடும் அர்ஜினினும் குறைஞ்சி போறத அளந்து பாத்திருக்காங்க.

நம்ம முன்னோருங்க கொத்து கொத்தா செத்தது இந்த நோயிலதான், 1901ல மால்கம் வாட்சன்ங்கற டாக்டர் கிள்ளான்ல சதுப்பு நிலத்துக்கு வாய்க்கா வெட்டி தண்ணி வடிச்ச பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. 2018ல இருந்து நம்ம நாட்டுக்குள்ள மனுஷனுக்கு மனுஷன் பரவற மலேரியா இல்ல, ஆனா குரங்குல இருந்து வர்ற நோலெசி மலேரியா இன்னும் இருக்கு. அதுலயும் சிவப்பணு நெளிவு குறையுது, கிருமி புகாத அணுகூட விறைக்குதாம். காட்டோரத் தோட்டத்துல வேலை பாக்கறவங்க காய்ச்சல் வந்தா டெங்கி டெஸ்ட்டோட நிறுத்தாம மலேரியாவும் பாக்கச் சொல்லுங்க.

எனக்கு இனிப்பு நீர். எனக்கு என்ன ஆகும்?

மாமா, உங்களுக்கு ரெண்டு பக்கமும் இடி. சர்க்கரை கூடினா உள்பூச்சு செய்யற நைட்ரிக் ஆக்சைடு குறையும், செஞ்ச கொஞ்சத்தையும் சூப்பர் ஆக்சைடுங்கற கெட்ட வகை ஆக்சிஜன் மடக்கி விஷமாக்கும். சர்க்கரை சிவப்பணுவுக்குள்ள இருக்கற ஹீமோகுளோபின்லயும் ஒட்டிக்கும், அதத்தான் எச்பிஏ1சின்னு டெஸ்ட் எடுக்கறோம், அப்படி ஒட்டின அணு நெளியாது. இது போக 2018ல ஸ்வீடன்ல பாத்தாங்க, டைப் 2 காரங்களோட சிவப்பணுவுல ஆர்ஜினேஸ்ங்கற நொதி அதிகமா வேலை செஞ்சி அர்ஜினின தின்னுடுது, அந்த அணுவ நல்ல ரத்தக்குழாயோட வச்சா அந்தக் குழாயும் கெடுதாம். அதாவது சர்க்கரைக்காரங்க சிவப்பணுவே குழாய கெடுக்கற ஆளா மாறிடுது. கால் விரல் மரத்துப்போறது, கண்ணு மங்கறது எல்லாம் சின்னக் குழாய் விவகாரம். மெட்ஃபார்மின ஒழுங்கா சாப்பிடுங்க, தே தாரேக்கு "குராங் மானிஸ்" (இனிப்பு கம்மி)னு சொல்லிட்டு மூணு கிளாஸ் குடிக்காதீங்க.

தானம் பண்ற ரத்தம் பழசானா?

பிளட் பேங்க்ல சிவப்பணுவ மருந்துத் தண்ணியப் பொறுத்து 35 நாள், இல்லன்னா 42 நாள் வரைக்கும் வைக்கலாம். ஹீமோகுளோபின்ல ஒட்டியிருக்கற நைட்ரிக் ஆக்சைடு எடுத்த முதல் நாள்லயே சரசரன்னு இறங்கிடுது, நாள் ஆக ஆக அணு முள்ளு முள்ளா ஆகும், சிலது உடைஞ்சி ஹீமோகுளோபின் கசியும். இதப் பாத்து எல்லாரும் பயந்தாங்க, ஆனா 2015லயும் 2016லயும் வந்த பெரிய ஆய்வுங்கள்ல புது ரத்தம் ஏத்தினவங்களுக்கும் பழசு ஏத்தினவங்களுக்கும் இறப்புல வித்தியாசம் தெரியல. அதனால ஆஸ்பத்திரியில "நேத்து எடுத்த ரத்தம்தான் வேணும்"னு தகராறு பண்ணாதீங்க, ரத்தம் குடுக்கப் போங்க.

பீட்ரூட், கீரை சாப்பிட்டா நைட்ரிக் ஆக்சைடு கூடுமா?

கூடும், இதுல பொய் இல்ல. பாயாம் கீரை, பீட்ரூட், சாலட் இலை எல்லாத்துலயும் நைட்ரேட் நிறைய. சாப்பிட்ட நைட்ரேட் ரத்தத்துல போயி எச்சில்ல திரும்பி வரும், நாக்குக்குப் பின்னாடி இருக்கற பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், விழுங்கினா வயித்துலயும் ரத்தத்துலயும் நைட்ரிக் ஆக்சைடு ஆகும், சிவப்பணுவும் அதுல கூட்டு. 2008ல லண்டன்ல ஆரோக்கியமான ஆளுங்களுக்கு அரை லிட்டர் பீட்ரூட் ஜூஸ் குடுத்து பாத்தாங்க, மூணு மணி நேரத்துக்குள்ள மேல் பிரஷர் 10 பாயிண்ட் இறங்கிச்சு. எச்சில துப்ப வச்சா இறங்கல! கிருமிய கொல்ற மவுத்வாஷ் தினமும் கொப்பளிச்சாலும் இந்த வழி அடைஞ்சிடும்.

கீரைய குழைய வேக வச்சி தண்ணிய கொட்டினா நைட்ரேட்டும் தண்ணியோட போயிடும். டயாலிசிஸ் பண்றவங்களுக்கு பொட்டாசியம் பிரச்சினை இருக்கு, அவங்க இத எல்லாம் கேட்டுட்டுதான் தொடணும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் பாத்ரூம்ல சிவப்பா போனா பதறி கிளினிக்குக்கு ஓட வேணாம்லா.

அந்தப் பவுடர் வாங்கலாமா வேணாமா? நேரா சொல்லுங்கண்ணே.

நான் வாங்க மாட்டேன். டின்னுல முக்கால்வாசி அர்ஜினினும் பீட்ரூட் பொடியும் சக்கரையும்தான். அர்ஜினின வாயால சாப்பிட்டா குடலும் ஈரலும் பாதிய பிரிச்சிடும். அதோட 2006ல அமெரிக்காவுல ஹார்ட் அட்டாக் வந்த 153 பேர ரெண்டா பிரிச்சி ஒரு பக்கம் அர்ஜினின், ஒரு பக்கம் வெறும் மாத்திரை குடுத்தாங்க. அர்ஜினின் பக்கம் ஆறு பேர் செத்தாங்க, வெறும் மாத்திரை பக்கம் ஒருத்தரும் இல்ல, ஆய்வ பாதியிலயே நிறுத்திட்டாங்க. நெஞ்சுல ஸ்டென்ட் வச்ச அப்பாவுக்கு அன்பா ஒரு டின் வாங்கித் தர்ற புள்ளைங்க இத ரெண்டு தடவ படிங்க. நூறு வெள்ளிக்கு பாசார்ல எத்தன கட்டு கீரை வரும்னு நீங்களே கணக்கு போடுங்க.

நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை?

அது நைட்ரோகிளிசரின், உடம்புல நைட்ரிக் ஆக்சைடா மாறித்தான் வலிய குறைக்குது. கருப்புக் கண்ணாடி பாட்டில்லயே வைங்க, பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாத்தாதீங்க, மூடிய திறந்து எட்டு வாரம் ஆனா புதுசு வாங்குங்க. உக்காந்துக்கிட்டு போடுங்க, நின்னுக்கிட்டு போட்டா தலை சுத்தி விழுவீங்க. இன்னொண்ணு, ஆம்பளைங்க வெக்கப்படாம கேளுங்க, இந்த மாத்திரை சாப்பிடறவங்க அந்த நீல மாத்திரைய (வயாக்ரா) தொடவே கூடாது, ரெண்டும் ஒரே வழியில குழாய விரிக்கறதால பிரஷர் அப்படியே விழுந்து ஆளே போயிடலாம்.

பொறந்த குழந்தைக்கு இந்த வாயுவையே குடுக்கறாங்களாமே?

ஆமா, நுரையீரல் குழாய் விரியாம மூச்சுத் திணற்ற குழந்தைக்கு. அமெரிக்காவுல 1999ல அனுமதி வந்துச்சு, வழக்கமா பத்து லட்சத்துல 20 பங்குதான் கலப்பாங்க. இதுல சிவப்பணு நமக்கு உதவி பண்ணுது பாருங்க: மூச்சுல போற நைட்ரிக் ஆக்சைடு நுரையீரல் குழாய மட்டும் விரிச்சிட்டு ரத்தத்துல இறங்கின உடனே ஹீமோகுளோபின் அத புடிச்சி முடிச்சிடும், உடம்பு முழுக்க பிரஷர் விழாது. அதுக்கு விலையா மெட்ஹீமோகுளோபின் ஏறும், அதனால அத அப்பப்ப அளந்துக்கிட்டே இருப்பாங்க.

என் நைட்ரிக் ஆக்சைடு அளவ டெஸ்ட் எடுக்க முடியுமா?

கிளினிக்ல முடியாது, சில செகண்டுல போயிடற சாமான்னு சொன்னேன்ல. எச்சில்ல வைக்கற ஸ்ட்ரிப் விக்கறாங்க, அது எச்சில்ல இருக்கற நைட்ரைட்ட காட்டும், காலையில கீரை சாப்பிட்டீங்களான்னு தெரிஞ்சிக்கலாம், அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

சிகரெட்டு?

கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபின்ல உக்காந்து ஆக்சிஜனுக்கு இடம் விடாது, புகையில இருக்கற மத்த சாமான் உள்பூச்ச கெடுத்து நைட்ரிக் ஆக்சைட குறைக்கும், அணுவும் விறைக்கும். ஒரு கையில சிகரெட்டு இன்னொரு கையில பீட்ரூட் ஜூஸோட ஒருத்தர் "இது சரியா"ன்னு என்கிட்டயே கேட்டாரு. ஜூஸ குடிங்க, மத்தத கீழ போடுங்கன்னேன்.